பதினேழு: வரேன்

7

"இந்தப் பதிப்பில்: சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும்."

போனிலிருந்து அதைப் படித்துவிட்டு, "அண்ணி, உலகத்துலேயே பெரிய பொய் எது தெரியுமா?" என்றான் கொழுந்தன். லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது.

"சொல்லு."

"அந்த வரிதான். 'சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும்.' என் போன்ல வாரம் தவறாம வருது. திருத்தத் திருத்த போன் மெதுவாகுது. எங்கம்மா என்னைத் திருத்தின மாதிரியே."

என் கணவரின் தம்பி அவன். எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் நாங்கள் இருவர்தான். நான் யோசிப்பேன், அவன் பேசுவான். அதற்கு முன் நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அதற்கு முன்பும் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே நீண்ட கூடம். வரிசையாக மேஜைகள், எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. கூடத்தின் கோடிச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு திரை. அதன் கீழே கைகளைக் கட்டிக்கொண்டு முதலாளி நின்றிருந்தார். இழவு வீட்டு வாசலில் நிற்பவரைப் போல எங்களுக்குத் தலையாட்டினார்.

"இதைப் படிங்க மேடம்."

படித்தேன்.

*4: டெஸ்ட் ஓடுது, யாரும் தொடாதீங்க.*
*9: மீட்டிங் லிங்க் அனுப்புங்க.*
*17: வரேன்.*

"இது யார் யார் உள்ளே இருக்காங்கன்னு காட்டுற போர்டு" என்றார் முதலாளி. "எங்க சாஃப்ட்வேர் பேரு 'சுரங்கம்'. வீட்ல உக்காந்துக்கிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள பத்திரமா போகறதுக்கு ஒரு வழி. உள்ளே வந்தவர் கடைசியா டைப் பண்ண வரி நம்பரோட இங்க தெரியும். நெட் அறுந்து மறுபடி சேர்ந்தா, அந்த வரி மறுபடி வரும். எங்க பெரிய கஸ்டமர் ஒரு பேங்க். அவங்களுக்குக் காட்டத்தான் போன மாசம் இந்தத் திரையை மாட்டினோம். நேத்து பேங்க்காரர் வந்தார். இதைப் பார்த்தார். 'யாருங்க வர்றது?'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காபி சாப்பிடறீங்களான்னு கேட்டேன்."

"பதினேழு யாரு?"

"யாருமே இல்ல. எங்ககிட்ட பதினேழாம் நம்பர்ல ஆளே கிடையாது."

"வேலையை விட்டவர் யாராவது?"

"விட்டவங்க பேரை அன்னிக்கே அழிச்சிடுவோம். நம்பர் மட்டும்தான் இருக்கும். தனியுரிமை மேடம். எங்க பெருமையே அதுதான்."

"எங்கேருந்து வர்றார்னாவது தெரியுமா?"

"சுரங்கத்துல வர்ற ஆளோட இடம் எங்களுக்கே தெரியாது" என்றார். குரல் லேசாக நிமிர்ந்தது. "அதுவும் எங்க பெருமைதான்."

"மூணாவதா ஒரு பெருமை இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார்" என்றான் கொழுந்தன். "மொத்தமா பயந்துக்கறோம்."

முதலாளி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அவன் எனக்கு என்ன உறவு என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டார். எல்லா வழக்கிலும் இந்த இடம் வரும்.

தன் கண்ணாடி அறைக்கு அழைத்துப் போய் மீதியைச் சொன்னார். பேங்க்காரர் வருவதற்குச் சில நாள் முன்பே பதினேழை இவர்கள் துண்டித்துப் பார்த்தார்கள். துண்டித்த கையோடு அது மறுபடி வந்து நின்றது. துண்டித்த இணைப்பு தானாகத் திரும்பி வருவது அந்தச் சாஃப்ட்வேரிலிருந்த ஒரு பழைய பிழை. அதைச் சரிசெய்ய ஒரு பேட்ச், அதாவது ஒரு திருத்தம், தயாரானது. ஆனால் வெளியே போகவில்லை. மூன்று முறை அனுப்பப்பட்டது, மூன்று முறையும் திருப்பி அனுப்பப்பட்டது.

"எழுதினது யாரு?"

"எங்க சீனியர் புரோகிராமர். வாத்தியார்னு கூப்பிடுவோம். அவர் அனுப்புவார். டெஸ்டர் பார்த்து, சரியில்லன்னா திருப்புவாங்க. திருப்பற பட்டன் டெஸ்டர் மெஷின்ல மட்டும்தான் இருக்கு. அந்தப் பொண்ணு 'நான் திருப்பவே இல்ல'ங்கறா. அப்ப மெஷினே திருப்பிச்சா? வெளியே ஒருத்தன் 'வரேன், வரேன்'னு மிரட்டறான். உள்ளே ஒருத்தி கதவைச் சாத்த விடாம பிடிச்சிக்கிட்டிருக்கா. எனக்குக் கணக்கு சரியாத்தான் வருது."

"அப்ப எங்களை ஏன் கூப்பிட்டீங்க?"

"சாயங்காலம் பேங்க்காரர் மறுபடி வர்றார். அவர்கிட்ட ஒரு பேரு சொல்லணும். துப்பறியறவங்க சொன்ன பேருன்னா மரியாதையா இருக்கும். அவர் எதிர்லயே போலீசுக்குப் போன் பண்ணிடுவேன்."

அதன் பிறகு கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையில் எந்த நிறுவனமும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடாது. இதை அவர் சொல்லவில்லை. மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தார். அதில் தெரிந்தது.

டெஸ்டரைச் சின்ன மீட்டிங் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டார்கள். கைப்பையை மடியில் வைத்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்ட பஸ் பயணியைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"நான் திருப்பல மேடம். மூணு தடவையும் பாஸ்தான் போட்டேன். சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா திரும்பியிருக்கும். நெட் பிரச்சினைன்னு நெனச்சு வாத்தியாரை மறுபடி அனுப்பச் சொன்னேன்."

"மெஷினைப் பூட்டாமலா போவீங்க?" என்றான் கொழுந்தன். "பூட்டு விக்கற கடையில?"

அவள் முகம் சுருங்கியது. "பூட்டினா ஓடிட்டிருக்கற டெஸ்ட் நின்னுடும். அக்கம்பக்கத்துல ஆளுங்க இருக்காங்கல்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா தெருவுல எல்லார்கிட்டயும் 'என் பொண்ணு கம்ப்யூட்டருக்குப் பூட்டு செய்யறா'ன்னு சொல்லிட்டிருக்கார். அவர்கிட்ட போய் நான் என்னன்னு சொல்றது?"

கொழுந்தன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். ஜன்னல் திரையைச் சரிசெய்தான். அது நேராகத்தான் இருந்தது.

நாங்கள் கூடத்துக்குத் திரும்பியபோது அங்கே ஒரே பரபரப்பு.

"சர்வர் செத்துப்போச்சு!" என்றான் ஒருவன்.

"என்னோடதும் செத்துடுச்சு!"

"எதைக் கொன்னீங்க?"

"பழசைக் கொன்னேன். புதுசும் சேர்ந்து செத்துடுச்சு."

"குழந்தைங்களை முதல்ல கொல்லணும்டா, அப்புறம்தான் தாயைக் கொல்லணும்!"

கொழுந்தன் என் காதருகே வந்தான். "அண்ணி, இங்க தினமும் எத்தனை சாவு விழும்?"

நடு வரிசையில் நரைத்த தலை ஒன்று நிமிர்ந்தது. "படுத்துக்கிச்சு, அவ்வளவுதானே? எழுப்புங்க. எழுந்துக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. யாரோ எழுப்பினார்கள். எழுந்துகொண்டது. அவர்கள் கொன்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களைத்தான். கூடம் அமைதியானது.

"அவர்தான் வாத்தியார்" என்றார் முதலாளி. "எங்கள்ல பெஸ்ட் மூளை. வாங்க, திரும்பி வந்த குறிப்புகளைக் காட்டறேன்."

ஒவ்வொரு பேட்ச்சோடும் அதில் என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். திருப்புகிறவர் அதில் திருத்தம் செய்யலாம். முதலாளி மூன்றையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டார். வாத்தியாருக்காக ஆபீசில் ஏதோ ஒரு சின்னப் பையன் எழுதிய வரி. முதல் முறை இப்படிப் போயிருந்தது:

*இறந்த இணைப்புகள் எழுந்து வரும் பிழை நீக்கப்பட்டது. அவை இனி அழிக்கப்படும்.*

திரும்பி வந்தபோது 'இறந்த' என்பது 'நின்றுபோன' என்று ஆகியிருந்தது. இரண்டாம் முறை திரும்பியபோது 'அழிக்கப்படும்' என்பது 'விடுவிக்கப்படும்' ஆகியிருந்தது. மூன்றாம் முறை வார்த்தை எதுவும் மாறவில்லை. கீழே, 'இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்' என்று மட்டும் இருந்தது.

"பாருங்க" என்றார் முதலாளி. "சும்மா வார்த்தையை மாத்தி மாத்தி காலம் கடத்தறா."

காலம் கடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். பதிப்பகத்தில் அவர்களோடுதான் குப்பை கொட்டினேன். அவர்கள் காற்புள்ளியை எடுப்பார்கள், மறுநாள் அதே காற்புள்ளியைப் போடுவார்கள். இங்கே கை வைத்தவர் காற்புள்ளியைத் தொடவில்லை. இரண்டே சொற்களைத் தொட்டிருக்கிறார். இரண்டும் ஒரே வீட்டுச் சொற்கள், சாவு வீட்டுச் சொற்கள்.

காபி மெஷின் இருந்த மூலைக்குப் போனோம். கொழுந்தன் ஒரு கோப்பையை நிரப்பி, முகர்ந்து பார்த்து, ஓரமாக வைத்தான்.

"அண்ணி, என் முடிவைச் சொல்லவா? முதலாளிதான்."

"ஏன்?"

"ஆளைப் பிடிக்கல."

"அடுத்தது?"

"சரி, பதினேழு. முதலாளி சொன்னபடி பார்த்தா, உள்ளே வர்றான், எந்த ஃபைலையும் திறக்கல. எதையும் எடுக்கல. ராத்திரி பகல் நின்னுக்கிட்டே இருக்கான். திருடன்னா ஒரு டீ குடிக்கவாவது வெளியே போக மாட்டானா? மிரட்டறவன்னா ஒரு தொகையாவது சொல்ல மாட்டானா? ஒரே ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு மிரட்டுவான்? நம்ம வீட்டுப் பால்காரர்கூட ரெண்டு வார்த்தை சொல்லி மிரட்டறார்."

அவன் பேசியதில் பாதியை எப்போதும் வழக்குக்கு வெளியே எறிந்துவிடுவேன். மீதிப் பாதிதான் எங்கள் பிழைப்பு.

அப்போது கீழேயிருந்து காவலாளி போன் செய்தார். எங்கள் கார் யாருடைய வழியையோ மறித்துக்கொண்டு நின்றதாம்.

"வண்டியைத் தள்ளிப் போடணுமாம். வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனான்.

"போயிட்டு வா" என்றேன், வாய்ப்பழக்கத்தில்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் திரை. *17: வரேன்.*

படியில் அவன் செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டிருந்தது. போகிறவன் சொன்ன சொல் அது. நம்மில் யார்தான் போகும்போது 'போகிறேன்' என்று சொல்கிறார்கள்? குரலோடு கேட்டால் யாருக்கும் குழப்பமில்லை. குரலைக் கழித்துவிட்டு, சுவரில் மாட்டி, பயந்தவர்களைப் படிக்கச் சொன்னால் அது மிரட்டலாகிவிடுகிறது.

பதினேழு வந்துகொண்டிருக்கவில்லை. விடைபெற்றிருந்தது.

மீட்டிங் அறைக் கதவைத் திறந்தேன். டெஸ்டர் அதே பஸ்ஸில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடப் போறப்ப என்ன சொல்லிட்டுப் போவீங்க?"

"என்ன சொல்வேன்? 'சாப்பிட்டு வரேன்'னுதான்."

"யார்கிட்ட?"

"பொதுவாத்தான் சொல்வேன். யாரும் தலையைத் தூக்க மாட்டாங்க. வாத்தியார் மட்டும் பதில் சொல்வார்."

"என்னன்னு?"

"'போயிட்டு வா'ன்னு." கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு அதுல ஒரு இது மேடம். ஒருநாள் ஹெட்போன் போட்டிருந்தார், நான் சொன்னது காதுல விழல. அப்புறம் தெரிஞ்சு, லிஃப்ட் வரைக்கும் ஓடி வந்து 'போயிட்டு வா'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனார். மூச்சு வாங்கிச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"உங்க சீட்டுக்கும் அவர் சீட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"பக்கத்து சீட்தான்" என்றாள். சொன்ன பிறகு, தான் சொன்னது அவளுக்கே கேட்டது. "ஐயோ, அவர் இல்ல மேடம். அவரா? அவர்தானே அந்தப் பேட்ச்சையே எழுதினார்!"

அதுதான் இந்த வழக்கில் எல்லாரையும் ஏமாற்றியது. பூட்டைச் செய்கிறவனே அதை மாட்டவிடாமல் தடுப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

வாத்தியார் மேஜையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க வீட்ல பதினேழு எந்த ரூம்ல இருக்கு?" என்றேன்.

விசைகளின் சத்தம் நின்றது.

"ஹால்ல" என்றார். "ஜன்னல் ஓரமா ஒரு மேஜை இருக்கு. அவ மூடாம வெச்சிட்டுப் போன லேப்டாப். நானும் மூடல. கரெண்ட் போனா அணையும், வந்தா தானா எழுந்து இங்க வந்து சேர்ந்துக்கும்."

"உங்க மனைவியா?"

"இங்கதான் வேலை பார்த்தா. வீட்லேருந்தே. யாரும் நேர்ல பார்த்ததில்ல. முதலாளிக்குக் குரல் மட்டும் தெரியும்." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஆஸ்பத்திரிக்கு ஒரு டெஸ்ட்டுக்குத்தான் கிளம்பினா. சாயங்காலம் வந்துடுவேன்னா. கிளம்பறப்ப இதுல எனக்கு 'வரேன்'னு போட்டா. நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன். பார்த்தேன். முடிச்சிட்டுப் பதில் போட்டுக்கலாம்னு விட்டேன்."

கூடத்தின் மறுகோடியில் எவனோ எதையோ கொல்லச் சொல்லிக் கத்தினான்.

"பேட்ச்சை நல்லாத்தான் எழுதினேன் மேடம். வேணும்னா பாருங்க, ஒரு ஓட்டை இருக்காது. அனுப்பவும் அனுப்பிட்டேன். மத்தியானம் இந்தப் பொண்ணு எழுந்து போனதும் கை அந்தப் பக்கம் போயிடும். ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு." திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணை எங்க காணோம்? லீவா?"

இது நான் எதிர்பாராதது. "மீட்டிங் ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க. சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க. நீங்க திருப்பினதுக்கு."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அந்தக் கூடத்தில் அன்று எல்லாத் தலைகளும் நிமிர்ந்தது அப்போதுதான். நேரே கண்ணாடி அறைக்குப் போய், கதவைத் தட்டாமல் திறந்தார்.

உள்ளே பேசியது கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. முதலாளி முதலில் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு பேப்பர் வெயிட்டை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

கொழுந்தன் மாடிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சொன்னேன். கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"நான் வண்டியைத் தள்ளிப் போட்டு வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டீங்களா? இனிமே எல்லா கேஸ்லயும் தப்பான இடத்துலயே பார்க் பண்றேன்" என்றான். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

முதலாளி வெளியே வந்தார். மீட்டிங் அறைக்குப் போய் டெஸ்டரின் லேப்டாப்பைத் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்து, 'சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன்' என்றார். பிறகு எங்களிடம் வந்தார்.

"பேரை அழிக்காம இருந்திருந்தா, முதல் நாளே தெரிஞ்சிருக்கும் இல்ல மேடம்?"

"சார், இப்ப தப்பை ஒத்துக்கிட்டீங்களே, அதான் அந்த மூணாவது பெருமை" என்றான் கொழுந்தன்.

வாத்தியார் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். டெஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. அவள் அவருடைய கண்ணாடியை எடுத்து, தன் துப்பட்டாவில் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டார். நிதானமாக டைப் செய்தார். சுவர்த்திரையில் ஒரு வரி கூடியது.

*17: வரேன்.*
*3: சரிம்மா. போயிட்டு வா.*

கூடத்தில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனாலும் யாரும் டைப் செய்யவில்லை.

பிறகு அவர் பேட்ச்சை அனுப்பினார். டெஸ்டர் பாஸ் போட்டாள். இந்த முறை அவள் சாப்பிடப் போகவில்லை. திரை ஒருமுறை கண் சிமிட்டியது. பதினேழு இல்லை. கீழேயிருந்த எண்கள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன.

சாயங்காலம் பேங்க்காரர் வந்தார். நேரே திரையின் முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழே படித்தார்.

"நேத்து ஒருத்தர் வரேன்னு சொல்லிட்டிருந்தாரே?"

"கிளம்பிட்டாங்க" என்றார் முதலாளி. "சொல்லிட்டுத்தான் போனாங்க."

பேங்க்காரருக்குத் திருப்தி. இந்த முறை காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெளியான குறிப்பை டெஸ்டரே எழுதினாள். கொழுந்தன் அதைப் போனில் கண்டுபிடித்து, லிஃப்டில் எனக்குப் படித்துக் காட்டினான். "'விடைபெற்ற இணைப்புகள் விடைபெறாதவையாகக் காட்டப்பட்டு வந்தன. இது சரிசெய்யப்பட்டது. மற்றும் சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும்.'" போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "சிறு திருத்தமாம் அண்ணி. பாருங்களேன்."

என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"வரேன் அண்ணி."

"போயிட்டு வா."

கார் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். அதற்குப் பிறகும் அவன் எத்தனையோ முறை அப்படிச் சொல்லிவிட்டுப் போனான். கடைசியாக ஒருமுறையும் சொன்னான். எதற்கும் நான் பதில் சொல்லாமல் விடவில்லை.